வைரக்கண்ணு வந்துகொண்டிருந்த சாலை

சேந்தன்துறைக்குத் தெற்கே உப்பனாற்றுப் பாலத்தைத் தாண்டினால் இடது பக்கம் கடலும் வலது பக்கம் உப்பளமுமாக, நடுவில் வகிடு எடுத்ததுபோல ஒரே நேர்கோடாகப் போகிற சாலையில், ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம், ஒரு சைக்கிளை ஓட்டிக்கொண்டும் இன்னொரு சைக்கிளை ஒற்றைக் கையால் பிடித்துக் கூடவே உருட்டிக்கொண்டும் வைரக்கண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் வருவதை ஊரே பார்த்தது, பாலத்து முனையில் நின்ற அவன் பெண்டாட்டி தையல்நாயகி பார்த்தாள், அவள் இடுப்பில் இருந்த மகள் சங்கவி பார்த்துக் கையை ஆட்டினாள், அவனும் பார்த்துத் தலையை ஆட்டினான், அதற்குப் பிறகு அவன் வந்து சேரவே இல்லை.

வைரக்கண்ணு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். ஊரில் ஆளுக்கொரு மொபெட் வந்து, கடையில் சைக்கிள்கள் ஸ்டாண்டு போட்டபடியே துருவேறத் தொடங்கிய காலத்தில், ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டியின் கார் மணலில் புதைந்துபோக, அவர்கள் அவனிடம் இரண்டு சைக்கிள் கேட்டார்கள், அவன் மூன்றாவதை எடுத்துக்கொண்டு வழிகாட்டக் கூடப் போனான், போன இடத்தில் தன் ஊர்க் கரையைத் தானே முதல்முறையாகப் பார்த்ததுபோல மலைத்துப்போய்த் திரும்பினான். அன்றிலிருந்து அதுவே அவனுக்குத் தொழிலாயிற்று. வந்தவர்களை அழைத்துக்கொண்டு காலையில் பாலம் தாண்டுவான். உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிற உப்பளத்தைக் கடந்து, கும்பினிக்காரன் கட்டிக் கூரை இடிந்து நிற்கிற உப்புக் கிடங்கில் இறங்கி, ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக எந்தக் காலத்திலோ ஒரு ராணி கட்டிவைத்த சத்திரத்தில் தண்ணீர் குடித்து, மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கிய கல்லறைகளுக்கு நடுவில் கொஞ்சம் பேசாமல் உட்கார்ந்திருந்து, கடல் விழுங்கிய சிவன் கோயிலில் மிச்சமிருக்கிற நந்தி அலை வடியும்போது முதுகைக் காட்டுவதைப் பார்த்து, தலையில்லாத கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு, சாலை முடிகிற இடத்தில் கோட்டையில் கொண்டுபோய் விடுவான். யாரையும் வேகமாக மிதிக்க விடமாட்டான். “அவசரமாப் போனா இந்தக் கரை ஒண்ணுமே காட்டாது சார்” என்பான்.

அன்றைக்கு ஒரு பெரியவரைக் கோட்டைவரை கூட்டிப்போயிருந்தான். அவர் முழங்கால் வலியென்று அங்கிருந்து காரில் போய்விட்டதால் அவருடைய சைக்கிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். கிடங்குக்கு இந்தப் பக்கம், பாலத்துக்கு அந்தப் பக்கம், சட்டையின் நிறம் தெரிகிற தூரத்தில் வந்தான். பொழுது சாய்ந்தது, அவன் வந்தான். டைனமோ விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். தையல்நாயகி சோறு வடித்து, குழம்பை இறக்கி, பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வெளியே வந்து பார்த்தாள், வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. விடிந்து வாசல் தெளிக்க வந்து பார்த்தாள், அவன் வந்துகொண்டிருந்தான், கால்கள் சீராக மிதித்துக்கொண்டிருந்தன, சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன, பக்கத்துச் சைக்கிளின் ஹாண்டில்பார் அவன் கைக்குள் அடக்கமாக இருந்தது.

ஊர் ஆண்கள் அவனை அழைத்துவரப் போனார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் போய்க்கொண்டே இருந்து கோட்டைக்கே போய்விட்டார்கள், வழியில் அவனைக் காணவில்லை. திரும்பும்போது கிடங்கைத் தாண்டியதும் முன்னால் அவன் முதுகு தெரிந்தது, கூப்பிட்டுக்கொண்டே விரட்டினார்கள், பாலத்துக்கு வந்து பார்த்தால் முன்னால் யாரும் இல்லை, திரும்பிப் பார்த்தால் பின்னால் அவன் வந்துகொண்டிருந்தான். எந்த இடத்தில் அவனைக் கடந்தோம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கட்டுமரத்தில் கடல் வழியாகப் போய்க் கரையேறிப் பார்த்தார்கள், அப்படியும் அதேதான். ஒரு வாரம் போனதும் வலை கிழிந்து கிடக்கிறது, பெட்டிக்கு ஐஸ் வாங்க வேண்டும் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவன்தான் வந்துகொண்டிருக்கிறானே.

தெற்கேயிருந்து சோழகக் காற்று அடித்தால் அவன் பேச்சு ஊருக்கு வரும், வாடை அடித்தால் ஊர்ப் பேச்சு அவனுக்குப் போகும், காற்று விழுந்து கடல் எண்ணெய்போலக் கிடக்கிற சில பொழுதுகளில் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்படி ஒரு காலையில் தையல்நாயகி பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“என்னாங்க, ஏன் இன்னும் வரல?”

“இதோ வந்துட்டேன் தையலு. ரெண்டு சைக்கிளு இருக்குல்ல, அதான் மெதுவா வரேன்.”

“நீங்க கெளம்பி ஒரு மாசமாச்சுங்க.”

அவன் சிரித்தது கேட்டது. “போடி, கேலி பண்ணாத. இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன். பாப்பாவைத் தூங்க வச்சிடாத, நான் வந்து பாக்கணும்.”

அவனுக்கு அது இன்னும் அதே சாயங்காலமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த முறைகளிலும் அவள் சொல்லிப் பார்த்தாள், ஆடி வந்துவிட்டது என்றாள், தீபாவளி போய்விட்டது என்றாள், உங்கள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள் என்றாள். அவன் ஒவ்வொரு முறையும் அதே வாஞ்சையோடு சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவள் அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் இதோ வந்துட்டேன் என்பான், இவள் சரிங்க என்பாள்.

தாலி விஷயம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. புருஷன் வீடு வந்து சேராமல் வருஷம் ஒன்று கழிந்தவள் பூவும் பொட்டுமாக நடமாடலாமா என்று யாரோ கேட்க, ஊர்த் தலைவர் கலியமூர்த்தி எல்லாரையும் எழுப்பிப் பாலத்துக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டினார். “கண்ணு முன்னாடி ஆள் வரான். இதைப் பாத்துக்கிட்டே தாலியைக் கழட்டுன்னு எந்த வாயால சொல்றது? சொல்றவன் சொல்லு.” தையல்நாயகி சுமங்கலியாகவே இருந்தாள். ஆனால் கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் எல்லாரையும் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவளிடம் வந்தது. ரேஷன் கடைக்காரர் குடும்ப அட்டையில் பேரை எடுக்கவா வேண்டாமா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு அவனுடைய சர்க்கரையையும் சேர்த்தே அளந்தார். டீக்கடை பேருந்து நிறுத்தத்திலிருந்து பாலத்து முனைக்கு இடம்பெயர்ந்தது. சோறு தின்ன மறுக்கிற பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் நிலாவைக் காட்டுவதை விட்டுவிட்டு அவனைக் காட்டினார்கள். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்ப அவனுடைய டைனமோ வெளிச்சத்தைக் குறி வைத்துக்கொண்டார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன புருஷன்களின் பெண்டாட்டிகள் எங்கெங்கோ ஊர்களிலிருந்து வந்து பாலத்துச் சுவரில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, அவன் இருந்த திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலருடைய புருஷன்கள் வந்தும் சேர்ந்தார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அவள் தம்பி குலோத்துங்கன் வந்து, “அங்க வந்துடுக்கா, பிள்ளையைப் படிக்க வைப்போம்” என்று கூப்பிட்டான். அவள் சாலையைப் பார்த்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போன மறுநாள் அவன் வந்து நின்றால்? தம்பி தனியாகத் திரும்பிப் போனான்.

கடையில் சைக்கிள்கள் இருந்தன, கல்லறை பார்க்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்பளத்து வரப்பில் விழுந்து விழுந்து சைக்கிள் பழகினாள். அவர்களைக் கூட்டிப்போகத்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டாள், ஆனால் தினமும் அந்தச் சாலையில் அவனை நோக்கி மிதிப்பதற்குத்தான் பழகினாள். பாலத்திலிருந்து இறங்கும்போது அவன் எதிரே தெரிவான், இவள் மிதிக்க மிதிக்க அவனும் மிதித்துக்கொண்டிருப்பான், முகம் தெரிவதுபோல இருக்கும், வேர்வை தெரிவதுபோல இருக்கும், கிடங்கின் நிழல் அவள்மேல் விழும்போது எதிரே வெறும் சாலை கிடக்கும். அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் வருகிறவர்கள் அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, இது கும்பினி காலத்து உப்புக் கிடங்குங்க என்று தொடங்குவாள். அதற்குப் பிறகு சத்திரம், கல்லறை, நந்தி, தலையில்லாத விளக்கு, கோட்டை. அவன் நின்ற இடத்தில் நின்றாள், அவன் சொன்னதைச் சொன்னாள், அவனைப்போலவே யாரையும் அவசரமாகப் போகவிடவில்லை. நல்ல காற்றில் சவுக்குத் தோப்பு ஓரமாக மெல்ல மிதித்துப் போகிறவர்கள் இதுபோல ஒரு சந்தோஷம் உண்டா என்பார்கள். அவளும் தலையை ஆட்டுவாள்.

“அதோ சைக்கிள்ல வராரே, அவர் யாரும்மா?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள்.

“எங்க வீட்டுக்காரர்” என்பாள் முதலில். அப்படிச் சொன்னால் அடுத்துப் பத்துக் கேள்வி வந்தது. நாளாக நாளாக “உள்ளூர்க்காரர்தான்” என்றாள். பிறகு அதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சுற்றுலாத் துறைக்காரர்கள் பாலத்து முனையில் ஒரு பச்சைப் பலகையை நட்டு, கிடங்கு, சத்திரம், கல்லறை, நந்தி என்று தூரத்தோடு எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே ‘வந்துகொண்டிருக்கும் மனிதர்’ என்று எழுதி, பக்கத்தில் தூரம் போடாமல் விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று, தங்கள் தோளுக்கு மேலே அவன் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார்கள். அவனும் யாராவது கை காட்டினால் தலையாட்டினான்.

சங்கவி இதற்கு நடுவில்தான் வளர்ந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாலத்துக்கு ஓடிப்போய் அன்றைக்கு நடந்ததையெல்லாம் காற்றில் கத்திச் சொல்வாள். பெரியவளான பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தாள். நாகப்பட்டினத்தில் நர்சிங் படித்து அங்கேயே வேலைக்கும் போனாள். தலையில் வெள்ளை விழுந்து, வெயிலில் தோல் கருகி, முன்பல் ஒன்றையும் இழந்திருந்த தையல்நாயகிக்கு, விடுமுறை முடிந்து பூச்சூடி வேலைக்குக் கிளம்புகிற மகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் தன் பழைய முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். சாலையில் வருகிறவனுக்கோ ஒரு முடிகூட நரைக்கவில்லை.

காரைக்கால் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன், சங்கவிக்குப் பிடித்தவன். பூ வைத்துவிட்டுப் போக வந்த இடத்தில் பையனுடைய தகப்பனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாகவே கேட்டார்.

“ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடுங்கம்மா. பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? இருக்காருன்னா மேடைக்கு வந்து தாரை வாத்துக் குடுக்கணும். இல்லைன்னா படத்துக்கு மாலை போட்டுட்டு மத்தவங்க செய்யலாம். எங்க பக்கத்துல பத்துப் பேர் கேப்பாங்க, நான் ஒரு பதில் சொல்லணும்.”

அவர்கள் போன பிறகு சங்கவி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

“இருக்காருன்னு சொன்னா கூட்டிட்டு வா. இல்லைன்னு சொல்ல உனக்கு மனசு வரல. நடுவுல நான் எங்கம்மா போய் நிக்கிறது?”

அந்த வருஷம்தான் கடல் சாலையைக் கடிக்கத் தொடங்கியது. முதலில் சவுக்குத் தோப்பு போயிற்று, பிறகு சாலையின் கடல் பக்கத்து ஓரம் துண்டு துண்டாக இடிந்து விழுந்தது. அமாவாசை, பௌர்ணமி வாவு நாட்களில் அலை தார்மேல் ஏறி உப்பளத்துக்குள் வடிந்தது. வைரக்கண்ணு உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளின் சக்கரம் நுரையில் சுற்றுவதைப் பாலத்திலிருந்து பார்த்தார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து அளந்தார்கள். இனி போக்குவரத்து எல்லாம் உள்வழியாக, வயல் ஊர்கள் வழியாகச் சுற்றிப் போகிற சாலையில்தான், இந்தப் பாலத்தை இடித்துவிட்டுக் கல் கொட்டப்போகிறோம் என்றார்கள்.

தையல்நாயகி பொறியாளரிடம் போய் நின்றாள். இளவயது, கண்ணாடி போட்டவர்.

“சார், எங்க வீட்டுக்காரர் அந்தச் சாலையில வராரு.”

“தெரியும்மா.” அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஸ்கூல்ல படிக்கறப்போ எங்களை டூர் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. நீங்கதான் சைக்கிள்ல முன்னாடி போனீங்க.”

“கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா சார்?”

“நான் தள்ளி வைப்பேம்மா. கடல் தள்ளி வைக்காது. ஐப்பசி, கார்த்திகைல புயல் ஒண்ணு வந்தா அங்க சாலைன்னு ஒண்ணு இருக்காது.”

அவள் பாலத்துக்குத் திரும்பி வந்து நெடுநேரம் நின்றாள். இத்தனை வருஷமும் அவன் வராமல் போவதைப் பற்றித்தான் பயந்திருந்தாள். காலுக்கடியில் சாலை கரைந்துபோய், இதோ வந்துட்டேன் என்ற அதே சிரிப்போடு அவன் தண்ணீருக்குள் மிதித்துப் போவான் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

காற்று விழுகிற நாளுக்காகக் காத்திருந்தாள். ஆவணியில் ஒரு சாயங்காலம் கடல் அசையாமல் கிடந்தது. அன்றைக்கு விடுமுறையில் வந்திருந்த மகளை, “ஒரு தடவை வாடி. ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இருவரும் பாலத்து முனையில் நின்றார்கள். அவன் வந்துகொண்டிருந்தான். அப்பா என்று கூப்பிட சங்கவி வாயெடுத்தாள். அதற்குள் அவன் குரல் வந்தது.

“தையலு! இதோ வந்துட்டேன் தையலு!”

அவன் மகளைப் பார்த்துத்தான் சொன்னான். அந்த முகம்தான் அவன் காலையில் விட்டுவிட்டுப் போன முகம்.

“பக்கத்துல யாரு, அத்தையா? எப்ப வந்தீங்க அத்தை? சொல்லியிருந்தா மீன் வாங்கிட்டு வந்திருப்பேனே!”

தையல்நாயகியின் அம்மா செத்துப் பல வருஷமாகியிருந்தது. தையல்நாயகி சுவரை இறுகப் பிடித்தாள். நான்தான் தையல், இது உங்கள் மகள் என்று கத்தப் போனாள். கத்தினால் அவன் சிரிப்பான், சிரித்துக்கொண்டே மிதிப்பான். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் தாயின் குரல் எப்படியிருக்கும் என்று யோசித்து, அந்தக் குரலில் பேசினாள்.

“இப்பதான் வந்தேன் மாப்ள. இப்படி வராதீங்க, பாலம் ஒடைஞ்சு கெடக்கு. தண்ணி ஏறுது பாருங்க, திரும்பிக் கோட்டைக்கே போயிடுங்க. ராத்தங்கிட்டு, காலையில உள்வழியா சுத்திக்கிட்டு வாங்க.”

அவன் மிதிப்பதை நிறுத்தினான். இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். கடலைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான்.

“வீடு தெரியுதே அத்தை. இவ்ளோ கிட்ட வந்துட்டு...”

“பெரியவ சொல்றேன், கேளுங்க மாப்ள.”

“சரிங்க அத்தை.” மகளைப் பார்த்துக் கேட்டான். “தையலு, பாப்பா எங்க?”

சங்கவி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. சங்கவி திரும்பி, சாலையைப் பார்த்து, நடுங்காத குரலில் சொன்னாள்.

“பாப்பா தூங்குதுங்க.”

“தூங்கட்டும் தூங்கட்டும். எழுப்பாத. காலையில வந்துடறேன்.”

அவன் இறங்கி, இரண்டு சைக்கிள்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஏறி உட்கார்ந்தான். ஊர்ப் பக்கமாக இத்தனை காலம் மிதித்தும் ஒரு முழம் நகராத சாலை, அவன் திரும்பியதும் எல்லாச் சாலைகளையும் போலச் சாதாரணமாகப் பின்னால் ஓடத் தொடங்கியது. அவன் முதுகு சிறுத்தது, கிடங்கைத் தாண்டியது, ஒரு புள்ளியாயிற்று, இல்லாமல் போயிற்று. காதில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோனதுபோல ஊரில் எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். சாலை வெறுமையாகக் கிடந்தது.

“யாரைக் கேட்டு அனுப்புன?” என்று கலியமூர்த்தி வயதான உடம்பு நடுங்கக் கத்தினார். “உன் புருஷன்னா உனக்கு மட்டுமா?” டீக்கடைக்காரன் பெஞ்சுகளை எடுத்துக் கவிழ்த்தான். மஞ்சள் கயிறு கட்டியிருந்த பெண்கள் கேள்விப்பட்டு வந்து, தங்கள் கயிறுகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். உள்வழிச் சாலை ஊருக்குள் நுழைகிற வடக்கு முனையில், பேருந்து நிற்கிற இடத்தில், மறுநாள் காலையிலிருந்து தையல்நாயகி போய் நின்றாள். அன்றைக்கு அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கோட்டையில் போய்க் கேட்கலாம் என்று கல்யாண வேலைக்கு வந்த தம்பி சொன்னான். கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. மேடையில் தாரை வார்க்கிற நேரம் வந்தபோது சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்தார்கள்.

“அவரு வெளியூர் போயிருக்காருங்க. வர முடியல. என் தம்பி செய்வான்” என்றாள் தையல்நாயகி. எல்லா ஊரிலும் எல்லாப் புருஷன்களைப் பற்றியும் சொல்லக்கூடிய அந்தச் சாதாரண வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சங்கவி மாலைக்குள்ளிருந்து அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் காரைக்கால் போன பிறகு பாலத்தை இடித்தார்கள். சைக்கிளில் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் கல் குவியலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கார்த்திகையில் புயல் வந்தது, பொறியாளர் சொன்னபடியே சாலை போயிற்று, கிடங்கு போயிற்று. மழை விட்ட ஒரு காலையில் தையல்நாயகி பேருந்து ஏறி, சுற்று வழியாகக் கோட்டைக்குப் போய் இறங்கினாள். வாசலில் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெண், இவள் கேட்டதுமே நிமிர்ந்தாள்.

“ரெண்டு சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு வந்தாரே அவரா? ஆவணியில. நல்லா ஞாபகம் இருக்கு. இந்த மண்டபத்துலதான் படுத்திருந்தாரு. விடியறதுக்குள்ள எழுந்து, உள்வழி எதுன்னு கேட்டாரு. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போப்பான்னேன், இல்லக்கா, வீட்டுல காத்துக்கிட்டிருக்கும்னு கெளம்பிட்டாரு. நல்ல சின்ன வயசு.” அவள் தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தாள். “உங்க மகனா?”

“ஆமா” என்றாள் தையல்நாயகி.

திரும்புகையில் அவள் பேருந்து ஏறவில்லை. உள்வழிச் சாலையில் நடந்தாள். அது வயலுக்கு வயல் வளைகிற சாலை, குளத்துக்கு ஒரு திருப்பம், கோயிலுக்கு ஒரு திருப்பம், கருவேலங்காட்டுக்கு ஒரு திருப்பம் என்று, கல் எறிகிற தூரத்துக்கு மேல் எங்கேயும் கண்ணுக்குத் தெரியாத சாலை. முதல் ஊரில் கேட்டாள். இரண்டு சைக்கிளோடு ஒருத்தர் போன மாசம் போனாரே என்றார்கள். அடுத்த ஊரில் கேட்டாள், நேற்றுப் போனார் என்றார்கள். அதற்கடுத்த ஊரில் நாற்றுக்கட்டோடு வந்த ஒருவர், “இப்பதாம்மா போறாரு, அந்த வளைவுலதான் இருப்பாரு, கொஞ்சம் எட்டி நடந்தீங்கன்னா புடிச்சிடலாம்” என்றார்.

அவள் ஓடினாள். செருப்பு அறுந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். வளைவைத் தாண்டினால் ஒரு மதகும் அடுத்த வளைவும் இருந்தன. அதைத் தாண்டினால் ஒரு மூங்கில் கொத்தும் அடுத்த வளைவும் இருந்தன. கடற்கரைச் சாலையில் அவன் வராவிட்டாலும் கண்ணில் இருந்தான், சட்டையின் நிறம் தெரிந்தது, மழையில் நனைவது தெரிந்தது, கூப்பிட்டால் குரல் வந்தது. அதை அவள் தன் வாயால் கெடுத்துக்கொண்டாள். அவன் தண்ணீரில் போகாமல் இருக்க வேண்டுமென்று அனுப்பி, பார்க்க முடியாத ஒரு சாலைக்கு அவனைக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்து அவள் அழுதாள். புடவைத் தலைப்பை வாயில் திணிக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நடவில் இருந்த பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி வந்தார்கள். யார் செத்தது என்று கேட்டார்கள், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருத்தி தனியாக அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை என்பதால், அவர்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அவரவருக்கு இருந்ததை நினைத்து அழுதார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று வயலில் இறங்கினார்கள்.

அவள் வளைவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒரு மினி பஸ் வந்தது. ஆட்டு மந்தை ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.